ஒரு கோழி, ஒரு முட்டை, கோபாலபுரம் செக்போஸ்ட்

ராஜா ராணி என்றுதான் முதலில் பேச்சு.
கொழிஞ்சாம்பாறையில் நாடக சாமான் வாடகைக்கு விடும்
ஒரே கடையில் ராஜா உடுப்பு ஒன்றுதான்,
அதுவும் பஞ்சத்தில் ஆண்ட ராஜாவுக்குத் தைத்தது.
அருளப்பன் மூச்சை இழுத்தார்.
பொத்தான் பறந்து
கடைக்காரர் டீயில் விழுந்தது.
அந்த டீக்கும் பத்து ரூபாய் கொடுத்தோம்.

பொள்ளாச்சியில் சகாயத்துக்கும் லில்லிக்கும்
கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம்.
"ஜோடியா வேஷம் கட்டி வரணும்,
சும்மா வந்தா சோறு கிடையாது" என்று
வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தாள்,
பின்னால் குக்கர் மூன்று விசில்.

அன்று ராத்திரி
பக்கத்தில் ஏறி இறங்கும் அந்த வயிற்றைப்
பார்த்துக்கொண்டே படுத்திருந்தபோதுதான் தோன்றியது.
"நீங்க முட்டை. நான் கோழி."
"அப்ப நான் உனக்குப் பொறந்தவனா?"
"இத்தனை வருஷமா வளர்த்தது யாரு?"
விளக்கை அணைத்துவிட்டார்.
கொஞ்ச நேரம் கழித்து, இருட்டுக்குள்ளிருந்து:
"நாட்டு முட்டையா, லேயரா?"

பழைய ஃபோம் மெத்தை ஒன்று, வெள்ளை வேட்டி இரண்டு.
பெருநாள் தோரணத்தில் மிஞ்சிய சிவப்புத் துணியில்
எனக்குக் கொண்டை.
பாத்திரம் கழுவும் மஞ்சள் கையுறை
காலுக்கு.
முட்டைக்கு சீட் பெல்ட் எட்டவில்லை;
பின் சீட்டில் குறுக்கே கிடத்திவிட்டு
கோழி வண்டியை எடுத்தது.

ரோட்டோரக் கள்ளுத் தென்னையில்
பாதி ஏறியிருந்த ஒருவர்
எங்களைப் பார்த்தார்,
பிறகு தன் குடத்தைப் பார்த்தார்.

கோபாலபுரத்தில் வண்டி வரிசை.
அக்கரையில் எங்கோ வாத்துகளுக்குக் காய்ச்சலாம்,
டயருக்கெல்லாம் மருந்து அடிக்கிறார்கள்.
முகமூடி போட்ட பையன், கையில் அட்டை,
தலை நிமிராமல் கேட்டான்:
"கோழி, முட்டை, தீவனம், எரு ஏதாவது?"
இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.
கொண்டை சரிந்து மூக்கில் விழுந்தது.

அவன் நிமிர்ந்தான்.
பின் சீட்டை எட்டிப் பார்த்தான்.
முட்டை கையை மட்டும் வெளியே நீட்டி
வணக்கம் வைத்தது.

பின்னால் காலிப் பால் கேன் ஏற்றிய வேன்,
அதற்குப் பின்னால் லாரிகள், ஹாரன்.
ஒரு டிரைவர் இறங்கி வந்து பார்த்துவிட்டு
"எந்தா சாரே, கோழிக்கு லைசென்ஸ் உண்டோ?" என்றார்.
உண்டு, காட்டினேன்.
போட்டோவில் இருப்பது நான்தானா என்று
பையன் ரொம்ப நேரம் ஒப்பிட்டான்.
"ரெண்டு பேரும் எறங்குங்க" என்றவன்
சிரிப்பை அடக்க முடியாமல் முகமூடிக்குள்ளிருந்து கேட்டான்:
"யாருங்க மொதல்ல?"

உலகமே இத்தனை காலம் யோசித்த கேள்வி.
அருளப்பனுக்குக் கதவுக்குள் தோள் சிக்கியிருந்தது.
நான்தான் முதலில்.
எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கால்களுக்கும் மருந்தடித்து அனுப்பினார்கள்.

போய்ச் சேர்ந்தபோது கேக் முடிந்திருந்தது.
பூட்டாக வந்தவர் பாடிக்கொண்டிருந்தார்,
சாவி நாற்காலியில் தூங்கிவிட்டது.
மோட்டார் பம்பும் கரண்ட் கட்டும்
தட்டோடு சண்டை.
நாலு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஒரு தம்பதி
வேஷமே இல்லாமல் வந்து இரு மூலையில் உட்கார,
யாரோ 'ஊமைப்படம்' என்று அட்டை எழுதி மாட்டி
முதல் பரிசு அவர்களுக்கே போய்விட்டது.
எங்களுக்கு ஆறுதல் பரிசு: எவர்சில்வர் கரண்டி.

திரும்பும்போது மணி பதினொன்றரை.
இந்தப் பக்கம் யாரும் எதுவும் கேட்கவில்லை.
வண்ணாமடைத் தட்டுக்கடையில்
அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.
"என்ன வேணும்?" என்றவர்
எங்களை மேலும் கீழும் பார்த்து
முட்டைத் தட்டை மெல்லப் பலகைக்குக் கீழே நகர்த்தினார்,
பாவம், மரியாதைக்காக.

"ஆம்லெட்" என்றது என் முட்டை.
"டபுள்."

கை வாய்க்கு எட்டவில்லை அவருக்கு, மெத்தை இடித்தது.
பிய்த்துப் பிய்த்து நான் ஊட்டினேன்.
மிளகு தூக்கல் என்றார்,
இன்னொன்று சொல்லச் சொன்னார்.